கட்டிக்கொண்ட பால்

ராஜகீழ்ப்பாக்கத்துக் கிளியம்மாளுக்கு ரயிலில் உட்கார இடம் கிடைக்காத நாளே கிடையாது. வயசுக்காகவோ மரியாதைக்காகவோ கிடைத்த இடம் இல்லை, நாற்றத்துக்காகக் கிடைத்தது. சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில், வயலுக்கும் நெல் மூட்டைக்கும் போடுகிற வண்டு மருந்தைப் பொட்டலம் கட்டுகிற கம்பெனி ஒன்று இருந்தது. அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று உண்டு. சுற்று வட்டாரத்தில் எல்லாருக்கும் அது பவுடர் கம்பெனிதான். வேலை முடிந்து அந்தப் பெண்கள் கூட்டமாகத் தாம்பரம் வண்டியில் ஏறினால், சலவைச் சட்டை போட்ட ஆசாமிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து அடுத்த பெட்டிக்குப் போய்விடுவார்கள்.

"பாருடி, மகாராணிங்க வராங்கன்னு எடம் வுட்டுகினு போறாங்க" என்று சொல்லிக் கிளியம்மாள் சன்னலோரமாகச் சம்மணம் போட்டு உட்காருவாள்.

அந்தப் பவுடரைப் பற்றி அப்போது யாரும் கெட்டதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. மூக்குக்குக் குறுக்கே முந்தானையைச் சுற்றிக்கொள்வார்கள். கையுறை என்றால் என்ன என்று கேட்பார்கள். தகரக் கொட்டகையின் வெக்கையில் வேர்த்து வழிய வழிய, பறக்கிற தூசி கழுத்து வழியாக ரவிக்கைக்குள் இறங்கி மாவாகக் குழைந்து கிடக்கும். சாயங்காலம் மேஸ்திரி ஆளுக்கு ஒரு வெல்லக்கட்டி கொடுப்பார். வெல்லம் தின்றால் தொண்டைத் தூசி கீழே இறங்கிவிடுமாம். ரவிக்கைத் தூசிக்கு எந்த வெல்லத்தைத் தின்பது என்று யாரும் கேட்கவில்லை. இது போதாதென்று, கூட்டி அள்ளின மிச்சத்தை மடியில் கட்டிக்கொண்டு போய்ப் பாய்க்கு அடியிலும் அரிசிப் பானைக்குப் பக்கத்திலும் தூவிவைப்பார்கள். மூட்டைப்பூச்சி இல்லாத வீடு என்று பவுடர் கம்பெனிக்காரிகளின் வீட்டுக்குத் தனிப் பெருமையே இருந்தது. அக்கம்பக்கத்துக்காரிகள் வந்து ஒரு பிடி கேட்டு வாங்கிப் போவார்கள்.

இருபது வருஷத்துக்கு மேல் கிளியம்மாள் அங்கே பொட்டலம் கட்டினாள். எண்பத்தாறில் கம்பெனியை மூடினார்கள். அவள் புருஷன் பொன்னுரங்கம் அதற்கு அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்தார். மூத்த மகன் ரவி தாம்பரத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தான். இளையவன் தயாளன் ஆவடிப் பக்கம் குடியேறிவிட்டான். ரவியோடும் மருமகள் அம்மணியோடும் கிளியம்மாள் இருந்தாள். ரெண்டு ஆண் பிள்ளை, ஒரு குறையும் இல்லை என்று ஊரில் சொல்வார்கள். சொல்வார்களே தவிர, பழைய குடும்பங்களில் எல்லாருக்கும் உள்ளது தெரியும். கிளியம்மாளுக்கு மூன்றாவதாக ஒரு பெண் பிறந்தாள். அவளைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

பொன்னுரங்கத்தின் தங்கை தனக்கோடி திருச்சியில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். புருஷனுக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. வருஷங்கள் ஓடியும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. மாமியார் வேறு பெண் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். அந்த நேரத்தில்தான் கிளியம்மாள் மூன்றாவது முறை முழுகாமல் இருந்தாள். பொன்னுரங்கத்தின் தாயார் ஒரு வழி கண்டுபிடித்தாள். தனக்கோடி உண்டாகியிருக்கிறாள், அசையக்கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார் என்று திருச்சிக்குச் சொல்லிப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு வரவழைத்துவிட்டாள். தனக்கோடியின் புருஷன் நல்லவன், உடந்தையாக இருந்தான். ஊருக்கெல்லாம் தெரிந்த ரகசியம், திருச்சிக்கு மட்டும் தெரியாத ரகசியம். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அந்த ஒரு விஷயத்தில் ராஜகீழ்ப்பாக்கம் தன் வாயைத் தானே மூடிக்கொண்டது. ஊர்ப் பெண்ணின் வாழ்க்கை அல்லவா!

கிளியம்மாள் ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொள்ளாமல் அந்தக் காலத்து மருமகள் என்ன செய்வாள் என்று கேட்காதீர்கள். அவள் மனசார ஒப்புக்கொண்டாள். ஏற்கெனவே ரெண்டு பையன்கள். இதுவும் பையனாகத்தான் இருக்கும், கொடுத்தால் கொடுத்துவிட்டுப் போகிறோம் என்று எண்ணினாள். பிறந்தது பெண். அதற்குள் எல்லாரையும் சிங்கப்பெருமாள் கோவிலுக்குக் கூட்டிப்போய்ச் சத்தியமும் வாங்கியாகிவிட்டது. அங்கே நரசிம்மருக்கு நெற்றிக்கண் உண்டு. அர்ச்சகர் நாமத்தை ஒதுக்கித் தீபத்தைக் காட்டினால் தெரியும். அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு, "என் வாயால என் பொண்ணுன்னு சொன்னேன்னா என் கண்ணு அவிஞ்சு போவட்டும்" என்று கிளியம்மாள் சொல்லியிருந்தாள்.

குழந்தைக்குக் காந்திமதி என்று பெயர் வைத்தார்கள். வைத்தவள் தனக்கோடி. பால் மட்டும் கிளியம்மாளுடையது. பிரசவம் ஆகி ரெண்டு மாதத்தில் பவுடர் கம்பெனிக்குத் திரும்பவும் வேலைக்குப் போனாள். சாயங்காலம் வந்ததும் கொல்லையில் மேலுக்கு ஊற்றிக்கொண்டு, வெயிலில் நின்று வந்த முதல் பாலைச் சூட்டுப்பால் என்று மண்ணில் பீச்சிவிட்டு, அப்புறம்தான் பிள்ளையை மடியில் போடுவாள். காந்திமதிக்கு இடது பக்கம்தான் வேண்டும். வலது பக்கம் திருப்பினால் முகத்தை அந்தண்டை திருப்பிக்கொண்டு அழும். இவ்வளவு சின்னதுக்கு இவ்வளவு பிடிவாதமா என்று கிளியம்மாள் செல்லமாகத் திட்டிக்கொண்டே இடது பக்கம் மாற்றுவாள்.

ஐந்தாம் மாதம் தனக்கோடி குழந்தையோடு திருச்சி வண்டி ஏறினாள். தாம்பரம் ஸ்டேஷன் வரைக்கும் கிளியம்மாள்தான் தூக்கிவந்தாள். வண்டி நகர்ந்ததும் அவளுடைய ரவிக்கை நனைந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் மாமியார் மல்லிகைப்பூவை வைத்து மாரை இறுகக் கட்டிவிட்டாள். பூ வைத்துக் கட்டினால் பால் வற்றிவிடும். வலது பக்கம் வற்றியது. இடது பக்கம் கல்லாகக் கட்டிக்கொண்டு காய்ச்சலில் கொண்டுபோய் விட்டது. காய்ச்சல் தணிந்தது. ஆனால் மல்லிகை வாசம் அடித்தால் அவளுக்கு அதன் பிறகு குமட்டிக்கொண்டு வரும். தலையில் கனகாம்பரம் தவிர வேறு பூ வைத்ததில்லை.

அப்புறம் அவளுக்குக் கிடைத்ததெல்லாம் அத்தை என்ற உறவுதான். லீவில் வரும்போது காந்திமதி "அத்தை, அத்தை" என்று சுற்றிச் சுற்றி வருவாள். அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் கிளியம்மாளுக்கு இனிக்கவும் செய்யும், முள்ளாகக் குத்தவும் செய்யும். பெண் பெரியவளானபோது தாய்மாமன் சீர் கொண்டுபோகிற சாக்கில் தன் பெண்ணுக்குத் தானே தட்டு ஏந்திப் போனாள். தலையில் ஊற்றின தண்ணீர் பாதி தரையில் சிந்தியது. அத்தைக்கு வயசாகிவிட்டது என்று யாரோ சிரித்தார்கள்.

எண்பத்தைந்தில்தான் பெரிய வினை வந்து சேர்ந்தது. தனக்கோடியின் மாமியார் கிழவி தாம்பூலத் தட்டோடு ராஜகீழ்ப்பாக்கத்துக்கு வந்து இறங்கினாள். கூடவே தனக்கோடியும் காந்திமதியும். முறை மாப்பிள்ளை மாமன் வீட்டில் கல்லுப்போல இருக்கும்போது வெளியில் எதற்குத் தேடுவது, ரவிக்கே முடித்துவிடலாம் என்று கிழவி நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னாள். ஊர் உலகத்தில் யாரைக் கேட்டாலும் நியாயமான பேச்சு. மாமன் மகனுக்கு அத்தை மகள் உரிமைதானே! தனக்கோடி தரையைப் பார்த்தாள். பொன்னுரங்கம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தேடினார். பேச வேண்டியவர்கள் எல்லாம் ஊமையாகிவிட்டதால் கிளியம்மாள்தான் பேசினாள்.

"ரவிக்கு வேற எடத்துல பேசி முடிச்சாச்சு" என்றாள்.

பச்சைப் பொய். தட்டு திரும்பிப் போயிற்று. மாமன் பெண்டாட்டிக்குத் திமிர், நம் பெண் அவளுக்குப் போதவில்லை என்று திருச்சியில் பேசிக்கொண்டார்கள். தனக்கோடி அதை மறுத்து ஒரு வார்த்தை சொன்னதாகத் தெரியவில்லை. பொய்யை மெய்யாக்க அடுத்த முகூர்த்தத்திலேயே மேடவாக்கத்து அம்மணியைப் பேசி முடித்தார்கள். அந்த வகையில் அம்மணி வாய்த்தது கிளியம்மாள் செய்த புண்ணியம். அது தனிக் கதை.

அன்றைக்கு வண்டியேறுமுன் காந்திமதி சமையலறைக்கு வந்து நின்றாள்.

"உங்களுக்கு என்னைப் பிடிக்கலையா அத்தை?"

கிளியம்மாள் அடுப்பை ஊதினாள். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. காந்திமதி கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள். மறுவருஷம் திருச்சியிலேயே வேறு இடத்தில் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாமன் சாவுக்கு வந்தாள். ஒரு மூலையில் உட்கார்ந்திருந்துவிட்டு முகம் பார்க்காமல் போனாள். அத்தோடு சரி. பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அந்தப் பிள்ளைக்குத் தன்னைப் பெற்றவள் யாரென்றே தெரியாதே, அதைப் போய் எப்படிக் குற்றம் சொல்வது?

தொண்ணூற்றிரண்டில் கிளியம்மாளின் இடது மாரில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. வயசு ஐம்பத்தாறு. வலியில்லை. விரலால் தொட்டால் புளியங்கொட்டை அளவுக்கு உருளாமல் நின்றது. வேறு ஒருத்தியாக இருந்தால் பயந்திருப்பாள். கிளியம்மாளுக்குப் பயம் வரவில்லை, கண்ணீர்தான் வந்தது. அது காந்திமதிக்கான பால் என்று அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. மல்லிகை கட்டின அன்றைக்கு வற்றாமல் உள்ளேயே கட்டிக்கொண்ட பால், இத்தனை வருஷம் கழித்துக் கைக்குத் தட்டுப்படுகிறது. கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். புகைப்படம் கிடையாது, பிள்ளை போட்டுக் கழித்த சட்டை கிடையாது. எல்லாவற்றையும் தனக்கோடி கொண்டுபோய்விட்டாள். மிச்சம் என்று அவளிடம் இருந்தது இது ஒன்றுதான். மத்தியானம் ஆளில்லாத நேரத்தில் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு படுத்திருப்பாள்.

அம்மணிதான் அதைக் கண்டுபிடித்தாள். ஒரு வெள்ளிக்கிழமை மாமியாருக்கு எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டுக்கொண்டிருந்தபோது, இடது மாரில் தோல் உள்ளே சுருங்கி இழுத்திருப்பதைப் பார்த்துவிட்டாள்.

"இன்னா அத்த இது? எம்மா நாளா கீது?"

"அது ஒண்ணுமில்ல. பால் கட்டிகினது."

"இன்னாது, பாலா? ரவிக்கே தல நரைக்குது, இப்ப இன்னா பாலு? கெளம்பு ஆஸ்பத்திரிக்கு."

"நான் வரல போ."

"வரலன்னா ஆட்டோல தூக்கிப் போட்டு இஸ்துகினு போவேன். என்னப் பத்தித் தெரியுமில்ல?"

தெரியும். ரெண்டு நாளில் இருவரும் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். சோதனைக்கு எடுத்து அனுப்பினார்கள். முடிவு வந்த அன்றைக்கு ஒரு இளவயது டாக்டரம்மா நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பேசினாள். புற்றுநோய்க் கட்டிதான், மாரோடு எடுத்துவிட வேண்டும், இப்போது எடுத்தால் பிழைக்க நல்ல வழி இருக்கிறது என்றாள். கிளியம்மாள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன வேலை பார்த்தீங்கம்மா?"

கிளியம்மாள் சொன்னாள். முந்தானையை மூக்கில் கட்டினது, ரவிக்கைக்குள் குழைந்த தூசி, மேஸ்திரி கொடுத்த வெல்லம், பாய்க்கு அடியில் தூவினது எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரம்மாவின் பேனா நடுவில் நின்றுவிட்டது.

"அதனாலதான் வந்துச்சா டாக்டர்?" என்று அம்மணி கேட்டாள்.

"அதனாலதான்னு என்னால சொல்ல முடியாதும்மா. இல்லவே இல்லைன்னும் சொல்ல முடியாது. அந்த மாதிரி மருந்து உடம்புக்குள்ள போனா லேசுல வெளியே போகாது. கொழுப்புல போய் உக்காந்துக்கும். பால் குடுக்கறப்போ கொஞ்சம் பாலோட வெளியே வரும்."

அதுவரைக்கும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த கிளியம்மாள் திரும்பினாள்.

"பால்லயா?"

"ஆமாம்மா. அதுக்காகப் பால் குடுத்தது தப்புன்னு நினைச்சுக்காதீங்க. தாய்ப்பாலுக்கு ஈடு எதுவும் கிடையாது." டாக்டரம்மா அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். "பொண்ணு யாராவது இருக்காங்களா? அம்மாவுக்கு வந்திருந்தா பொண்ணுக்கும் வர வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். முன்னாடியே பார்த்துக்கிறது நல்லது."

"பொண்ணு கெடையாது டாக்டர். ரெண்டும் ஆம்பளப் புள்ளைங்க" என்றாள் அம்மணி. பாவம், அவளுக்கு அவ்வளவுதான் தெரியும்.

கிளியம்மாள் ஆபரேஷனுக்கு யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிட்டாள். ரயிலில் அவளுக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. பவுடர் நாற்றம் போய் வருஷக்கணக்காகிவிட்டது. தோலுக்கு மேலே இருந்துதான் போயிருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவளுக்கு விளங்கியது.

அடுத்த நாட்களில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சாவுக்குப் பயந்து இல்லை. தன் பெண்ணுக்கு என்று அவள் கொடுத்தது ஐந்து மாதப் பால் ஒன்றுதான். நகை கொடுத்ததில்லை, தலை வாரிவிட்டதில்லை, காய்ச்சலுக்குக் கண்விழித்ததில்லை. அந்தப் பால் ஒன்றாவது என்னுடையது என்று இத்தனை வருஷம் மனசை ஆற்றிக்கொண்டு வந்தாள். அதிலும் பவுடர் கலந்திருந்ததா? முதல் பாலை மண்ணில் பீச்சினாளே, போதாதா? கட்டியின் மேல் கையை வைக்கப் போவாள், சுட்டதைப்போல எடுத்துவிடுவாள். இது பாலில்லை, நோவு. இதே நோவு திருச்சியில் ஒருத்தியின் மாரிலும் புளியங்கொட்டையாக முளைத்துக்கொண்டிருந்தால்? அவளிடம் எந்த டாக்டர் கேட்டாலும், எங்கம்மா நன்றாக இருக்கிறாள் என்றுதான் அந்தப் பெண் சொல்லும். தனக்கோடி நன்றாகத்தான் இருக்கிறாள். நூறு வயசு இருப்பாள்.

சத்தியம் குறுக்கே நின்றது. ஒருநாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டினாள். மறுநாள் காலையில் அம்மணி இட்லித் தட்டைக் கொண்டுவந்து வைத்தபோது, "அவருந்தான் மூணு கண்ண வெச்சிகினு பாத்துகினு இருந்தாரு. கோயிலாண்டதான அந்தக் கம்பெனி? பவுடர் பறந்தப்ப ஒரு கண்ணும் தெறக்கலியே. இப்ப இன்னா புடுங்கிடப் போறாரு?" என்றாள்.

"யாரு அத்த?" என்று அம்மணி விழித்தாள்.

"கண்ணு போனா போவட்டும். என்ன டெலிபோன் பூத்துக்கு இட்டுகினு போ."

ராஜகீழ்ப்பாக்கம் கூட்டுரோட்டில் எலியேசர் என்பவர் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் சர்ச்சிலிருந்து வந்து கடையைத் திறந்ததும் இருவரும் போய் நின்றார்கள். அம்மணி திருச்சி நம்பரைச் சுழற்றி, மணி அடித்ததும் மாமியாரின் காதில் வைத்துவிட்டுக் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்றாள்.

"ஹலோ, யாருங்க?"

குரல் காதுக்குள்ளேயே கேட்டது. இவ்வளவு பக்கத்தில் அந்தக் குரலைக் கேட்டு எத்தனை வருஷம்! கிளியம்மாளுக்கு வந்த காரியமே ஒரு நிமிஷம் மறந்துவிட்டது.

"நான்தாம்மா. கிளியம்மா. ராஜகீழ்ப்பாக்கம்."

"அத்தையா?" குரல் சட்டென்று விறைத்துக்கொண்டது. "சொல்லுங்க. எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

"எல்லாரும் நல்லா கீறாங்க. எனக்குத்தான் மார்ல கட்டி. பெரிய நோவுன்றாங்க. எடுக்கணுமாம்."

"ஐயோ, எப்பலேர்ந்து?"

"அத வுடு. நீ ஒரு டாக்டராண்ட போயி மாரக் காட்டிகினு வா. ஒடனே போ. அதுக்குத்தான் போன் போட்டேன்."

"நானா? நான் எதுக்கு அத்தை?"

"டாக்டரம்மா சொல்லிச்சு. ஒருத்திக்கு வந்தா குடும்பத்துல மத்தவங்களும் பாத்துக்கணுமாம்."

"அது அம்மாவுக்கு வந்திருந்தாத்தான் பொண்ணு பார்த்துக்கணும்னு சொல்வாங்க அத்தை." காந்திமதி பொறுமையாகத்தான் சொன்னாள், வயசானவர்களுக்குச் சொல்கிற மாதிரி. "எங்கம்மாவுக்கு அப்படி ஒண்ணும் இல்லையே."

கண்ணாடிக்கு வெளியே வேளச்சேரி பஸ் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. கிளியம்மாள் ரெண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டாள்.

"கீது கண்ணு" என்றாள். "உங்கம்மாவுக்குக் கீது."

எதிர்முனையில் ஒரு குழந்தை "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டது. அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. வைத்துவிடுவாளோ என்று கிளியம்மாளுக்கு வேர்த்துக் கொட்டியது. வைத்தாலும் வைக்கட்டும், சொல்ல வந்ததை முடித்துவிட வேண்டும்.

"அன்னிக்குக் கேட்டியே, புடிக்கலியான்னு. கூடப் பொறந்தவனுக்கு எப்பிடிம்மா கட்டி வெப்பேன்? சத்தியம் பண்ணிட்டேன், வாயத் தெறக்கல. தனக்கோடி மேல கோவப்படாத. அவதான் வளத்தா. நான் பால் குடுத்ததுதான். அந்தப் பாலும்..."

காந்திமதியின் குரல் வந்தது. விறைப்பு போயிருந்தது.

"எந்தப் பக்கம்?"

"இன்னா கண்ணு?"

"கட்டி. எந்தப் பக்கம்?"

"எடது பக்கம்" என்றாள் கிளியம்மாள். "நீ அந்தப் பக்கந்தான் குடிப்ப. வலது பக்கம் திருப்பினா மூஞ்சத் திருப்பிகினு அழுவ."

அங்கே அழுகிற சத்தம் கேட்டது. "நான் வரேன்" என்றாள் காந்திமதி. அத்தை என்ற சொல்லும் வரவில்லை, அம்மா என்ற சொல்லும் வரவில்லை. "ராத்திரி வண்டிக்கே வரேன்."

வா என்று சொல்லக் கிளியம்மாளின் உடம்பு முழுக்கத் துடித்தது. இருபத்தெட்டு வருஷமாக அந்த ஒரு சொல்லுக்காகத்தான் தாம்பரம் ஸ்டேஷனில் திருச்சி வண்டி வரும்போதெல்லாம் நின்று நின்று பார்த்திருக்கிறாள்.

"வேணாம்" என்றாள். "மொதல்ல நீ போயி காட்டு. ஒண்ணுமில்லன்னு அவுங்க வாயால சொல்லட்டும். அப்பறமா வா."

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தபோது அம்மணி அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா அத்த? திருச்சி அக்கா இன்னா சொல்லிச்சு?"

"எந்தப் பக்கம்னு கேட்டுச்சும்மா" என்றாள் கிளியம்மாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ரோட்டைக் கடக்கும்போது மறுபடி சொன்னாள்: "டாக்டரம்மாவாண்ட போயி எடுத்துடச் சொல்லிடு. இனிமே எனக்கு அது எதுக்கு?"